மிச்சம் இரண்டு எலக்ட்ரான்

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதிரித் தேர்வில் 548. போன வருஷம் நிஜ நீட்டில் 496 வாங்கி, கவுன்சலிங் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பியவள் நான். அந்தக் கணக்கில் இது முன்னேற்றம்தான். ஆனால் இந்தக் கெமிஸ்ட்ரி மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடுகிறது. அதிலும் லூயிஸ் படம். அணுவைச் சுற்றி எலக்ட்ரானுக்குப் புள்ளி வைக்கிற வேலை, எல்.கே.ஜி. பிள்ளைகூட வைக்கும். எனக்கு மட்டும் தப்பாகப் போகிறது.

கோச்சிங் சென்டரிலிருந்து வந்தால் ஹாலில் கோகிலா அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. சாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் குமரேசன் மாமா இல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை. இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா கையில?"

"பஸ் கதவுல நசுங்கிருச்சுடி."

அம்மா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். "படிக்கிற பிள்ளைகிட்ட என்ன பேச்சு? நீ உள்ள போ தாரணி, டீ கொண்டாரேன்" என்றாள். போய்விட்டேன். நாளைக்கு பயாலஜி ரிவிஷன் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் வீட்டில் டிவிக்குத் துணி போர்த்தி ஆறு மாதம் ஆகிறது. அம்மா பிளவுஸ் தைக்கிற மிஷினை நான் வீட்டில் இல்லாதபோதுதான் மிதிப்பாள். மிக்ஸி போட வேண்டுமென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக நாள் முழுக்க இரைச்சலில் நிற்கிற அப்பா, வீட்டுக்கு வந்தால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்கிறார். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பரீட்சை முடியட்டும்." சித்தி பேரனுக்கு மொட்டை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஒழுகுகிற மேற்கூரை எல்லாம் அந்த வரிசையில் நிற்கின்றன. இருக்கிற ஒரே அறை எனக்கு. அக்கா நேற்று ஹாலில் படுத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று குளோரின் ட்ரைஃப்ளூரைடு. அதன் வடிவம் என்ன என்று கேட்டிருந்தார்கள். அம்மோனியா மாதிரி கூம்பு என்று போட்டேன். தப்பு. ஏன் தப்பு என்று முட்டிக்கொண்டிருந்தபோது அக்கா டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள். அவள் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி யாரும் பேசியதில்லை, அவள் உட்பட.

"மொத்தம் எத்தனை எலக்ட்ரான் எண்ணுன?"

"குளோரினுக்கு ஏழு, மூணு ஃப்ளூரினுக்கு இருபத்தொண்ணு. இருபத்தெட்டு."

"இப்ப படத்துல வச்சிருக்கறத எண்ணு."

மூன்று பிணைப்புக்கு ஆறு, ஃப்ளூரின்களைச் சுற்றிப் பதினெட்டு, குளோரின் தலையில் ஒரு ஜோடி. இருபத்தாறு.

"மிச்சம் ரெண்டு எங்க?"

"குளோரினுக்கு எட்டு நெறைஞ்சிருச்சுக்கா. அதான் விட்டுட்டேன். வைக்க எடமில்ல."

அக்கா சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தாள். "எடமில்லன்னா தூக்கிப் போட்ருவியா? எலக்ட்ரான் எங்கயும் தொலையாதுடி. எண்ணுனது அத்தனையும் படத்துக்குள்ள இருந்தாகணும். சுத்தி நிக்கிறவங்களுக்கெல்லாம் குடுத்த பெறகு மிச்சம் இருந்தா, நடுவுல இருக்கற அணு மேல வை. எட்டத் தாண்டுனாலும் சரி."

"எட்டுதான விதி?"

"ரெண்டாவது வரிசையில இருக்கற கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு விதி. அதுங்க சின்ன ஆளு, எட்டுக்கு மேல தாங்காது. மூணாவது வரிசையில இருந்து ஆளு பெருசு. பாஸ்பரஸ் பத்து தாங்கும். சல்ஃபர் பன்னெண்டு தாங்கும்."

அந்த இரண்டையும் குளோரின்மேல் வைத்தேன். பத்து ஆயிற்று. வடிவம் கூம்பு இல்லை, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி என்று தானாகவே வந்தது. சென்டரில் மூன்று தடவை நடத்தியும் ஏறாதது, டீ ஆறுவதற்குள் ஏறிவிட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

அக்கா விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடித்துவிடுகிறாள். அம்மாவுக்குத் தைக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். மதியம் நான் வந்ததும் என்னோடு உட்காருகிறாள். ஸெனான் டெட்ராஃப்ளூரைடு, ட்ரைஅயோடைடு என்று எதைக் கொடுத்தாலும் கடைசியில் கையை நீட்டி "மிச்சம்?" என்று கேட்கிறாள், பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோல. வாத்தியார் வேலைக்கே பிறந்தவள்.

எப்படி எட்டுக்கு மேல் தாங்குகிறது என்று கேட்டேன். "புத்தகத்துல காலியா d ஆர்பிட்டால் இருக்கு, அதுல போய் ஒக்காந்துக்கும்னு போட்ருப்பான். எங்க மேடம் அதெல்லாம் பழைய கதை, அணு பெருசா இருக்கறதுதான் முக்கியம்பாங்க. நீ பரீட்சையில d ஆர்பிட்டால்னே டிக் பண்ணிட்டு வா. உண்மையெல்லாம் சீட்டு வாங்குன பெறகு பேசிக்கலாம்."

எழுந்து போகும்போது அம்மாவின் காதில் விழும்படி, "இவளுக்கு நடத்தவாச்சும் நான் இங்க இருக்கலாம்ல?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வீக்லி டெஸ்ட். கெமிஸ்ட்ரியில் நான்தான் முதல்.

பிப்ரவரி 19, புதன்

குமரேசன் மாமா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் பைக்கை நிறுத்தி, ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். பிறகு கத்த ஆரம்பித்தார். அக்காவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, என்னைப் பற்றியும். டாக்டர் ஆகப்போகிறவளாம் என்று சிரித்தார். பக்கத்து வீட்டு விசாலாட்சி அத்தை ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்பா வெளியே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "மாப்ள, சத்தம் போடாதீங்க. பிள்ளை படிக்கிது."

அக்கா என் அறைக்குள் வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எழுதினேன். நாற்பத்தைந்து கேள்விகளில் முப்பத்தொன்றுதான் முடிந்தது. எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பிட்ட பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "அக்கா இங்க இருக்கறது உனக்கு ஒத்தாசையா, தொந்தரவா? பட்டுனு சொல்லு பாப்பா. அந்தாளு தெனமும் இப்படி வந்து நின்னா உன் படிப்பு என்னாகும்?"

அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவ நடத்த வேண்டியதெல்லாம் முடிஞ்சிருச்சுப்பா. புரிஞ்சிருச்சு. இனிமே நானே பாத்துக்குவேன்" என்றேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். முடிவெடுப்பது பெரியவர்கள்.

பிப்ரவரி 22, சனி

அப்பா அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மாமா இனிமேல் ஒழுங்காக இருப்பதாகச் சத்தியம் செய்தாராம். அவருடைய அம்மாவும் பொறுப்பேற்றுக்கொண்டாராம். "பரீட்சை முடியட்டும், மொத வேலையா உன்னைக் கூட்டியாந்துர்றேன்" என்று அப்பா அக்காவிடம் சொன்னதாகச் சொன்னார். மூன்று தடவை சொன்னார், நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்காமல்.

காலையில் கிளம்பும்போது அக்கா என் தலையைத் தொட்டு, "மிச்சத்த மறந்துராத" என்றாள். நான் தலையை வாரிக்கொண்டிருந்தேன். சரி என்று சொன்னேனா என்பதே ஞாபகம் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

591. சார் என் பேரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அம்மா கேசரி செய்தாள். மிக்ஸி ஓடவில்லை, மிஷின் ஓடவில்லை, தெருவில் ஹாரன் இல்லை. படிக்க அருமையான வீடு.

மார்ச் 16, ஞாயிறு

என் போனை அம்மா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் அவள் போனில் அக்காவோடு பத்து நிமிஷம் பேசலாம். இன்று அக்கா ஒவ்வொன்றுக்கும் "என்னடி? மறுபடி சொல்லு" என்றாள். சாத்தூரில் டவர் சரியில்லை போலிருக்கிறது. "இரு, இந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்" என்ற பிறகு நன்றாகக் கேட்டது. நைட்ரஜன் பென்டாஃப்ளூரைடு ஏன் இல்லை என்று என்னைக் கேட்டாள். நைட்ரஜன் சின்ன ஆள், பத்து தாங்காது என்றேன். "கெட்டிக்காரி. அதுக்கு மேல வச்சா ஒடஞ்சிரும்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

அக்காவுக்குப் போன் போகவில்லை. தாவரவியல் முழுதும் ஒரு சுற்று முடித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். அவளுக்கு ஒரு நாலு நாள் இங்கே வந்து இருக்க வேண்டுமாம். அப்பாவிடம் நான் சொன்னால் கேட்பார் என்றாள். "நீ சொன்னா மாட்டேங்க மாட்டாரு தாரணி. நான் உன் ரூம் பக்கமே வரமாட்டேன்."

பரீட்சை முடியட்டும்க்கா என்றேன்.

"ஆமா, ஆமா. அதும் சரிதான்" என்றாள்.

மீதி நேரம் முழுக்க மாதிரித் தேர்வு பற்றிப் பேசினோம். 604.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் போன் வந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதில் வைத்தாள், அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அப்பா பின்னாலேயே போனார். திரும்பி வந்து, விருதுநகரில் ஒரு தூரத்துச் சொந்தத்தில் அவசரமாகக் கல்யாணம், போயே ஆக வேண்டும் என்றார். சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

விசாலாட்சி அத்தை மதியம் எனக்குச் சோறு கொண்டுவந்தார். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்று என் முகத்தையே பார்த்தார். "என்னத்த?" என்றேன். "ஒண்ணுமில்ல தாயி. நீ படி" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இருட்டின பிறகு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வாசல் வழியாக வரவில்லை. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் இருவரும் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வந்தார்கள். கல்யாண வீட்டில் கொடுக்கிற தாம்பூலப் பையைக் காணோம். வெயில் தாங்கவில்லை, அதுதான் குளித்தோம் என்று அம்மா சொன்னாள்.

வெயில் அதிகம்தான். இன்று இயற்பியல் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. நாளைக்கு ஈடுகட்ட வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

எலக்ட்ரோஸ்டாடிக்ஸ். கரண்ட் எலக்ட்ரிசிட்டி. மேக்னெட்டிசம் பாதி.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்காவிடம் பேச வேண்டிய நாள். அம்மா போனை எடுத்துத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளே, "அக்கா போனு ரிப்பேராம். பரீட்சை முடியற வரைக்கும் உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னா" என்றாள். சரிம்மா என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. எங்கள் வீட்டில் பாயசம் இல்லை, மாங்காய்ப் பச்சடி இல்லை. அம்மா பூ வைக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், தெருவில் யாருமே பாட்டுப் போடவில்லை. எதிர்வீட்டில் வருஷா வருஷம் காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர் கட்டுவார்கள். இந்த வருஷம் தெருவே எனக்காகப் படிக்கிறது போல.

ஏப்ரல் 17, வியாழன்

அம்மா குளியலறைக்குப் போனால் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறாள். வெகு நேரம் தண்ணீர் கொட்டுகிறது. வெளியே வரும்போது அவள் தலை நனைந்திருப்பதில்லை.

நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மறுபடி கல்யாணம். அதே சொந்தம், அதே ஊர். போய்விட்டு வந்தார்கள். நான் 617 வாங்கினேன் என்று சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை.

மே 3, சனி

நாளை பரீட்சை. போன வருஷம் முந்தின நாள் அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய் அர்ச்சனை செய்தாள். இந்த வருஷம் அத்தையோடு போய்விட்டு வா என்றாள். தான் வரக்கூடாது என்று சொல்லவில்லை. கால் வலி என்றாள். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.

மே 4, ஞாயிறு

பரீட்சை சென்டர் விருதுநகரில். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் மனதில் எதுவும் இல்லை. அப்படி இருக்கப் பழகியிருந்தேன்.

கெமிஸ்ட்ரியில் லூயிஸ் படத்திலிருந்து ஒன்று வந்தது. நடு அணுவில் எத்தனை தனி ஜோடி என்று கேள்வி. எண்ணினேன், சுற்றி இருந்தவற்றுக்குக் கொடுத்தேன். நான்கு மிச்சம். அதை நடுவில் வைத்தபோது கை நின்றுவிட்டது. யாரோ பின்னால் டம்ளரோடு நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் அதட்டுவார். விடையைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எல்லாம் எழுதினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். மற்ற அப்பாக்கள் எல்லாம் ஈஸியா, கஷ்டமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, "பாப்பா, இப்படி ஒக்காரு. அக்காவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றார். எத்தனையோ நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை மாதிரி இருந்தது.

"தெரியும்ப்பா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"அக்கா இல்லன்னு."

"யாரு சொன்னா? விசாலாட்சியா?"

"யாரும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் கொல்லை வழியா வந்து தலைக்குக் குளிச்சீங்கல்ல. அன்னிக்கே."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சுமா எழுதுன?"

நீங்களும் தெரிந்துதானே டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுத்தீர்கள் என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை.

மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று மாமா வீட்டில் சொன்னார்களாம். பெரியப்பா மகன் பாண்டியராஜன் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எரிக்க விடக்கூடாது, உடனே போலீஸுக்குப் போக வேண்டும் என்று கத்தினாராம். கேஸ் என்று போனால் வீட்டுக்குப் போலீஸ் வரும், ஊர் பேசும், பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா பயந்திருக்கிறார். அண்ணனின் கையைப் பிடித்து, பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள்.

"இப்ப முடிஞ்சிருச்சுல்ல. நாளைக்குப் போலாம்ப்பா" என்றேன்.

"இனி எதைக் கொண்டுபோய்க் காட்டறது?" என்று அப்பா கேட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரோட்டில் எல்லோரும் பார்த்தார்கள். கேள்வி கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மாள் வந்து, "அடுத்த வருசம் எழுதிக்கலாம் சார், பிள்ளைய திட்டாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்ச் முப்பதாம் தேதி அக்கா என்னிடம் கேட்டதை அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பாலவநத்தம் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. இதுவரைக்கும் இந்த நோட்டில்கூட அவள் சொன்னதை முழுசாக எழுதவில்லை. "எனக்குப் பயமா இருக்குடி" என்றும் சொன்னாள். நான்தான் அதை விட்டுவிட்டு எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஹாலில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். விசாலாட்சி அத்தையும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் முன்பே வந்து சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எப்படி எழுதுன?"

"நல்லா எழுதியிருக்கேம்மா. சீட்டு கெடைச்சிரும்."

அம்மா தலையை ஆட்டினாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டு "என் கோகிலா" என்று கத்தினாள். பெண்கள் எல்லோரும் அவள்மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். எதிர்வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். இத்தனை நாள் எனக்காக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அந்த ஹாலில் வந்து விழுந்தது.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்து அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்தார். எனக்கு அழத் தெரியவில்லை. எனக்கு அக்கா வேண்டும் என்று மட்டும் இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள். மெதுவாக அழு, பிள்ளை படிக்கிறது என்று இன்றைக்கு அவளிடம் யாரும் சொல்லவில்லை.